பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குள்

இடம் உண்டு என்று எழுதியிருந்தார்கள்.
என் பதில்தான் பாக்கி.
வெள்ளிக்கிழமை இரவு
பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குள்.

யீஷூன் வீட்டில், சாப்பாட்டு மேசையில்,
ஃபேர்பிரைஸ் ரசீதின் பின்பக்கம்
அப்பா கணக்குப் போட்டார்:
இருபத்தொன்றும் ஐந்தும் இருபத்தாறு.
இருபத்தொன்றும் நான்கும், அப்புறம் இன்னொரு நான்கும்…
கூட்டாமல்
ரசீதைத் திருப்பி முட்டை விலையைப் பார்த்தார்.

“உக்கார எடம் கெடச்ச பஸ்ஸை விட்டு
அடுத்தது காலியா வரும்னு எவனாவது எறங்குவானா?”
பதினேழு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சொன்னார்:
“சில நேரம் வரும்தான். பின்னாலயே. காலியா.”
சொல்லிவிட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டு
கோப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

ஏன் மருத்துவம் என்று
நேர்முகத்தில் மூன்று பேர் கேட்டார்கள்.
எனக்கொரு சித்தப்பா இருந்தார் என்றேன்.
வாரம் மூன்று முறை டயாலிசிஸ்,
சக்கர நாற்காலியைத் தள்ளிப்போனது நான்தான் என்றேன்.
எனக்குச் சித்தப்பாவே கிடையாது.
அப்பா ஒற்றைப் பிள்ளை.
நடுவில் இருந்த அம்மையார்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஆக, இந்த இடம்
பிறக்காத ஒருவரின் சிறுநீரகத்துக்குக் கிடைத்தது.

நிஜக் காரணம் பிறகு வந்தது, தெக்கோங் தீவில்.
பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. ஒன்பதாவதில்
வெய் ஜியே மடங்கி விழுந்தான்.
நாற்பத்தொரு டிகிரி.
ஹைக்கல் ஐஸ் தண்ணீரைக் கொட்ட
நான் சீருடையைக் கத்தரித்தேன்.
ஊசி முதல் தடவை தவறியது.
கண் திறந்தவன் ஹொக்கியனில் எதையோ கேட்டான்,
திரும்பத் திரும்ப அதே நான்கு அசை,
சார்ஜெண்டுக்குத் தெரியாததா என்பதுபோல்
என்னையே பார்த்துக்கொண்டு.

நாளம் கிடைத்துவிட்டது.
சொல் கிடைக்கவில்லை.

பிழைத்துவிட்டான். இப்போது வாட்ஸப்பில்
பூனைப் படங்கள் அனுப்புகிறான்.
அன்றைக்கு என்ன கேட்டாய் என்றேன்.
நினைவில்லையாம்.

முதலில் மொழியியல், மருத்துவம் அதன்பின் என்றதும்
அம்மா, “அதுக்கு நாலு வருஷமா?
யூடியூப்ல இல்லையா?” என்றார்.

ஊட்ரமில் நஃபீசா அக்காவைப் பார்த்தேன்.
ஐந்து வருடம் மருந்தாளர், முப்பத்தொரு வயதில் மறுபடி மாணவி.
மகளை மடியில் போட்டுக்கொண்டு
மண்டையோட்டின் துளைகளை மனப்பாடம் செய்கிறாள்.
“பக்குவம் கிக்குவம்னு யாராவது சொன்னா நம்பாதே.
முதுகு வலிதான் வந்திருக்கு.”
பள்ளித் தோழி ஒருத்தி, நேரே கெண்ட் ரிட்ஜில் சேர்ந்தவள்,
இன்று இவளுக்கு வார்டில் மேலதிகாரி.
பொறாமை உண்டா?
“செவ்வாய்க்கிழமைகளில்.”
அவளுக்கும் உண்டாம். வேறு கிழமை.

பதினொன்று நாற்பது.
இருட்டுக் கூடத்தில் திரை மட்டும் வெளிச்சம்.
ஏற்கிறேன். மறுக்கிறேன்.
இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் வெள்ளை.
அதில் பதினைந்து நிமிடம் நின்றேன் போலும்.
நீண்ட நேரம் எதுவும் செய்யாததால்
வெளியேற்றப்பட்டீர்கள் என்றது திரை.

மறுபடி உள்ளே போக முகம் கேட்டது.
வட்டத்துக்குள் வையுங்கள். அசையாதீர்கள்.
வைத்தேன்.
வெளிச்சம் போதவில்லை என்றது.

“மன்னிச்சுக்குங்க சித்தப்பா” என்று
வாய்க்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன்.
நாலரைக்கு எழ வேண்டிய அப்பா
அறை வாசலில் நின்றிருந்தார்.
“எந்தச் சித்தப்பாடா?” என்றபடி
விளக்கைப் போட்டார்.